குறிப்பேட்டில் எழுதிய பொய் எண்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை நானும் மாற்றியிருக்கிறேன். நீண்ட கடிதம். சுருக்கம் இது:

வயது 32. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். திருமணமாகி இங்கே வந்து நான்கு ஆண்டுகள், நிரந்தரவாசி, தஞ்சோங் பகாரில் கணக்குப் பிரிவில் வேலை. முதல் கர்ப்பம், இப்போது 30ஆம் வாரம். 26ஆம் வாரத்தில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 5.4 மில்லிமோல், ஒரு மணி நேரம் கழித்து 9.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.4. கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லி, விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் ஒரு குறிப்பேடும் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து சோற்றை அறவே விட்டுவிட்டார். உடல் எடை ஒன்றரை கிலோ குறைந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்கள் சரியாக இருக்கின்றன. காலை எண் மட்டும் 5.7, 5.9, ஒருநாள் 6.1. "இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் இரவில் இன்சுலின் போடலாம்" என்றார் மருத்துவர். அன்றிலிருந்து காலை எண்ணைப் பொய்யாக எழுதிவருகிறார்: 5.0, 5.1, 4.9. கணவருக்குக்கூடத் தெரியாது. "மூன்றில் இரண்டில் பாஸ்தானே" என்கிறார் கணவர். "5.4 என்றால் 97, ஊரில் இது நார்மல்" என்கிறார் அம்மா, பக்கத்து வீட்டு நர்சைக் கேட்டுவிட்டு. "ஊசி போட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் இனிப்புநீர்தான்" என்கிறார் மாமியார். அடுத்த வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டும், வளர்ச்சி ஸ்கேனும் அன்றுதான். அதற்கடுத்த ஞாயிறு வளைகாப்பு. "நான் என்ன தப்பு செய்தேன் டாக்டர்? போகாமல் இருந்துவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் எண்ணிலிருந்தே தொடங்குகிறேன், திட்டுவதற்காக அல்ல. கர்ப்பிணிகளின் குறிப்பேடுகளை இருபது வருடங்களுக்கு மேலாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையான குறிப்பேட்டில் மஞ்சள் கறை இருக்கும், இரண்டு மூன்று பேனா நிறம் இருக்கும், நடுவே ஒரு நாள் விட்டுப்போயிருக்கும், 7.2க்குப் பக்கத்தில் "அக்கா வீட்டுப் பிறந்தநாள்" என்று கிறுக்கியிருக்கும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், பதினான்கு நாளும் 5.1ஐத் தாண்டாத பக்கத்தைப் பார்த்ததும் எங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் வரும். போதாததற்கு, நீங்கள் குத்திப் பார்த்த எண்ணெல்லாம் தேதியோடும் நேரத்தோடும் அந்தக் கருவியின் நினைவகத்தில் இருக்கிறது. தாதி ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். இப்படி எழுதுபவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. அப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல மிகவும் பொறுப்பானவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள்.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. இந்த எண்ணை நீங்கள் மதிப்பெண்ணாகப் பார்க்கிறீர்கள். உங்கள் கணவரும் அதே மொழியில்தான் பேசுகிறார், பாஸ், பெயில் என்று. இது மழைமானி காட்டும் எண் மாதிரி. மழை எவ்வளவு பெய்தது என்று சொல்லும். அதற்கு யார் காரணம் என்று சொல்லாது. ஆனால் உங்கள் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார். 5.0 என்று படித்தால் "ஒன்றும் வேண்டாம், அப்படியே தொடருங்கள்" என்று அனுப்பிவைப்பார். உங்கள் உடலில் ஓடுவதோ 5.9. அந்த இடைவெளியைச் சுமப்பது குழந்தை.

97 நார்மல்தானே?

உங்கள் அம்மா சொன்னதில் பாதி சரி. 5.4 மில்லிமோல் என்பது ஊர்க் கணக்கில் 97 மில்லிகிராம்தான். 18ஆல் பெருக்கினால் வந்துவிடும். கர்ப்பமில்லாத ஒருவருக்கு வெறும் வயிற்றில் 97 வந்தால் நானும் சிரித்து அனுப்பிவிடுவேன். கர்ப்பத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாகவே இறங்கும், அதனால் அளவுகோலும் இறங்குகிறது. வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணியில் 10.0, இரண்டு மணியில் 8.5. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. மூன்றில் இரண்டு தேறினால் போதும் என்ற கணக்கு இதில் இல்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பிரிவில் இருப்பவர் கேட்கத்தான் வேண்டும். 2008இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகள், சிங்கப்பூர்த் தாய்மார்களும் அதில் இருந்தார்கள். தாயின் சர்க்கரை ஏற ஏற, குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதும், பிறந்ததும் அதன் உடலில் இன்சுலின் கூடியிருப்பதும் படிப்படியாக ஏறின. "இதற்குக் கீழே ஆபத்தில்லை, இதற்கு மேலே ஆபத்து" என்று வெட்டிக் காட்டும் கோடு எங்கும் கிடைக்கவில்லை. எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? சராசரியைவிட ஆபத்து 1.75 மடங்காகும் இடத்தில் நிபுணர்கள் போட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 2013இல் அதை ஏற்றுக்கொண்டது.

பக்கத்து வீட்டு நர்சும் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பரவலாகச் செய்யும் சோதனை வேறு. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்ப்பார்கள். 140ஐத் தொட்டால்தான் நீரிழிவு. சாப்பிட்டு வந்தாலும் செய்யலாம். வெகுதூரத்திலிருந்து பேருந்து பிடித்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் உட்காரவைக்க முடியாது என்பதால் வந்த நல்ல ஏற்பாடு அது. அந்தச் சோதனையில் உங்கள் 7.4 என்பது 133, தேறியிருப்பீர்கள். ஆனால் உங்கள் பிரச்சினை இருப்பது வெறும் வயிற்று எண்ணில். அந்தச் சோதனை அதைக் கேட்பதே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நர்சின் மரியாதையும் கெடாது.

சோற்றை விட்டும் காலை எண் ஏன் இறங்கவில்லை?

உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே கவலைப்படுத்தியது இதுதான், 5.9 அல்ல. வயிற்றில் குழந்தை வளரும் மாதத்தில் உங்கள் எடை ஒன்றரை கிலோ இறங்கியிருக்கிறது.

இரவு ஏழு மணிக்கு இரண்டு துண்டு மீனும் கீரையும் மட்டும் சாப்பிட்டுப் படுக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு விரலில் குத்துகிறீர்கள். நேற்று ராத்திரி சாப்பிட்டது அந்த எண்ணில் பெரிதாக இல்லை. நீங்கள் தூங்கும்போது உங்கள் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. எல்லாருக்கும் நடப்பதுதான். அதை அடக்கி வைப்பது இன்சுலினின் வேலை. கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அந்த இன்சுலினின் கையைக் கட்டிப்போடுகின்றன. குழந்தைக்குத் தீனி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் இரண்டு மூன்று மடங்கு உழைத்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு அது போதாது. நம் போன்ற தெற்காசிய வம்சாவளிப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது, ஒல்லியாக இருப்பவர்களுக்கும்கூட. ஆக, "நான் என்ன தப்பு செய்தேன்" என்ற கேள்விக்கு என் பதில்: நஞ்சுக்கொடி வளர்ந்தது, அவ்வளவுதான். 34, 35 வாரம் வரை அது இன்னும் வலுவாகவே வேலை செய்யும். நீங்கள் இன்னும் பட்டினி கிடந்தாலும் காலை எண் ஏறலாம்.

பட்டினி கிடப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. மாவுச்சத்து அறவே இல்லாவிட்டால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும். கர்ப்பத்தில் அது கூடுவதை நாங்கள் விரும்புவதில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து கர்ப்பிணிக்கு வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம் இருக்கிறது. மற்றதைப் பால், பருப்பு, பழம், சிற்றுண்டி என்று பிரித்துக்கொள்ளலாம். சோற்றை விட வேண்டியதில்லை. ஒரே வேளையில் குவிக்காமல் இருந்தால் போதும்.

சப்பாத்திக்கு மாறிவிட்டால் சர்க்கரை ஏறாது என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. சப்பாத்தியும் மாவுதான், மூன்று சப்பாத்தி ஒரு கோப்பைச் சோற்றுக்குக் குறைந்ததில்லை. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சோற்றைவிட வேகமாக ஏறுவதும் உண்டு. கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் உங்கள் கருவிக்குச் சர்க்கரையேதான், அதற்கு மண்வாசனை தெரியாது. வேலையிடத்துக்குக் கீழே உணவங்காடியில் தே குடிப்பீர்களானால் 'தே சி கோசோங்' (சர்க்கரை போடாமல், இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றிய தே) என்று கேளுங்கள்; சாதாரணத் தேயில் இனிப்புப் பால் ஊற்றுவார்கள். படுக்கப்போகும் முன் ஒரு குவளைப் பால் குடித்து, உடன் கொஞ்சம் வேர்க்கடலை சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்குக் காலை எண் அதிலேயே கொஞ்சம் இறங்கும். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்திவிட்டு "12" என்று அலறியடித்து என்னிடம் ஓடிவந்த ஒருவரை நான் மறக்கவில்லை.

இனி ஊசி

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எதையும் யாரும் உங்கள்மேல் திணிக்க முடியாது. விளக்கம் கேட்கவும், யோசிக்க அவகாசம் கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த முடிவை உண்மையான எண்களை வைத்து எடுங்கள்.

முதலாவது, உணவியல் நிபுணரைப் பார்த்துச் சாப்பாட்டை ஒழுங்காக அமைத்து இன்னும் ஒரு வாரம் பார்ப்பது. நீங்கள் இதுவரை இருந்தது பட்டினி. அதை உணவுமுறை என்று சொல்ல மாட்டேன். அதனால் இப்படிக் கேட்பது நியாயமான கோரிக்கைதான். வியாழக்கிழமை ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு இயல்பாக இருந்தால் மருத்துவர் ஒப்புக்கொள்ளக்கூடும். குழந்தை பெருக்கத் தொடங்கியிருந்தால் நான் காத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது, மெட்ஃபார்மின் மாத்திரை. பல ஆண்டுகளாகக் கர்ப்பத்தில் கொடுத்துவருகிறோம். ஊசி இல்லை, சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் பயமும் குறைவு. வயிற்றைக் கலக்கலாம். நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும் மருந்து அது என்பதையும் சொல்ல வேண்டும். இன்சுலினோடு ஒப்பிட்டு 2008இல் வந்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கடைசியில் இன்சுலினும் தேவைப்பட்டது.

மூன்றாவது, உங்கள் மருத்துவர் சொன்னது. இரவில் ஒரே ஒரு ஊசி, சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். உங்களைப் போலக் காலை எண் மட்டும் ஏறியிருப்பவர்களுக்கு என் தேர்வும் இதுதான். கல்லீரல் சர்க்கரையை விடும் அதே நேரத்தில் அது வேலை செய்யும். உண்ணும் உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது. நீங்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் போவதில்லை. ஊசிமுனை நான்கு மில்லிமீட்டர். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்போடு நின்றுவிடும், குழந்தை எங்கோ ஆழத்தில் இருக்கிறது. பேனா போன்ற கருவிதான். படுக்கையறையில் போட்டுக்கொள்ளலாம், அலுவலகத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. "இன்சுலின் போட்டால் ஆயுசுக்கும்" என்ற பேச்சு வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. நம் அத்தை, மாமாக்களுக்கு ஊசி தொடங்கியபோது நோய் முற்றியிருந்தது, அதனால் நிறுத்த முடியவில்லை. பார்த்தவர்கள் ஊசிமேல் பழியைப் போட்டார்கள். கர்ப்பத்தில் சர்க்கரையை ஏற்றுவது நஞ்சுக்கொடி. குழந்தைக்குப் பின்னால் அதுவும் வெளியேறியதும் இன்சுலின் தேவை அன்றே சரிகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவ அறையிலேயே ஊசியை நிறுத்திவிடுவோம்.

ஊசியில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு, தாழ்சர்க்கரை. போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விரதத்தைக் குழந்தை பிறக்கும்வரை ஒத்திவையுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்தால் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

சிகிச்சையே வேண்டாம் என்றால்? பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காத வேலை, எனவே ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். 2005இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வில் இலேசான கர்ப்பகால நீரிழிவு உள்ள ஆயிரம் பேரில் பாதிப்பேருக்குச் சிகிச்சை, மீதிப்பேருக்கு வழக்கமான கவனிப்பு. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்குவது, எலும்பு முறிவு, நரம்புச் சேதம், இறப்பு போன்ற கடுமையான சிக்கல்கள் சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளில் நூற்றில் ஒன்று, மற்றவர்களின் குழந்தைகளில் நூற்றில் நான்கு. சிகிச்சை இல்லாமலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறந்தன. அந்த நான்கில் உங்கள் குழந்தை இருக்குமா என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் சிகிச்சை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இனிப்பு ஏதாவது குடித்து எழுப்பிப் பார்க்க வேண்டாம். தலைவலி விடாமல் இருந்தாலும், கண் மங்கினாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். வியாழக்கிழமைக்காகக் காத்திராமல் உங்கள் மருத்துவமனையின் மகப்பேற்று அவசரப் பிரிவுக்குப் போங்கள், நள்ளிரவானாலும்.

வளைகாப்பு

நிறுத்த வேண்டாம். ஒத்திவைக்கவும் வேண்டாம். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தும் இலையில் வரும். வந்த பெண்களெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். மறுத்தால் மனம் சுருங்கும். முதலில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் காய்கறியும் பயறும் சாப்பிட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பைக்கு மிகாமல். பொங்கலிலும் ஒரு வாய் உண்டு, தட்டோடு வேண்டாம். ஊட்டுகிறவர்களிடம் கணவர் நின்று "கொஞ்சமா, கொஞ்சமா" என்று சொல்லட்டும். ஒன்றும் செய்யத் தெரியாமல் நிற்கும் ஆண்களுக்கு அன்று இது நல்ல வேலை. முடிந்ததும் வளையல் குலுங்க அக்கம்பக்கத்தில் கால் மணி நேரம் நடங்கள். அன்று 8 வந்தால் 8 என்றே எழுதுங்கள், பக்கத்தில் "வளைகாப்பு" என்று குறித்துவிடுங்கள். ஒரு நாள் ஏறியதற்காக எந்த மருத்துவரும் மருந்தைக் கூட்ட மாட்டார்.

வியாழக்கிழமைக்கு

குறிப்பேட்டைக் கிழித்துப் புதிதாக எழுதாதீர்கள். பொய் தொடங்கிய நாளில் ஒரு கோடு போட்டு, கருவியில் உள்ள எண்களைப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். முதலில் தாதியிடம் சொல்வது எளிது: "ஊசிக்குப் பயந்து மாற்றி எழுதிவிட்டேன், சரியான எண் இதோ." அவர் இதை முதன்முறை கேட்க மாட்டார். எடை குறைந்ததையும் சொல்லுங்கள். அது குறிப்பேட்டில் வராது. செலவைப் பற்றிய கவலையும் இருந்தால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். கணவரை உடன் அழைத்துப் போங்கள். இரண்டு வாரமாகத் தனியாகச் சுமந்த ரகசியத்தை அவரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

பிறந்த பிறகு குழந்தையின் குதிகாலில் குத்திச் சில முறை சர்க்கரை பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம். சீக்கிரமாகத் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குங்கள். ஊரிலிருந்து அம்மா கொண்டுவரும் பிரசவ லேகியத்தில் பாதி வெல்லமோ கருப்பட்டியோதான். பூண்டுக் குழம்பை விரும்பியபடி சாப்பிடலாம், லேகியத்தை விரல்நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் பெண்கள் தவறவிடும் ஒன்று அதற்கப்புறம் வருகிறது. பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் கரைசலைக் குடித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. மாமியார் பயந்ததில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். அந்தச் சமயத்தில் தூக்கமில்லாமல், பால் கட்டி, நாளும் கிழமையும் தெரியாமல் இருப்பீர்கள். தானாக ஞாபகம் வராது. குழந்தைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போடப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும் வாரத்திலேயே உங்கள் சோதனைக்கும் நாள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாமியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.